ஹோர்ட்டன் சமவெளி: ஒன்பது மணிக்கு முன் பார்க்க வேண்டிய காட்சி

ஹோர்ட்டன் சமவெளிக்குப் போய்வந்து, "ஒன்றும் தெரியவில்லை, வெறும் பனிப்புகார்தான்" என்று சலித்துக்கொள்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். உலக முடிவு என்ற செங்குத்து மலை விளிம்பில் எத்தனை மணிக்கு நின்றீர்கள்? பத்தரை, பதினொன்று என்றுதான் அநேகமாகப் பதில் வரும். குறை பூங்காவில் இல்லை, மணிக்கூட்டில் இருக்கிறது. இந்தத் தேசிய பூங்காவின் நுழைவுச்சீட்டு நாள் முழுவதற்கும் செல்லும் என்றாலும், அதில் பெறுமதியான பகுதி காலை ஆறு தொடங்கி ஒன்பது வரைதான். மற்ற ஏற்பாடுகள் எல்லாவற்றையும், தங்குமிடம் முதல் சாப்பாடு வரை, அந்த மூன்று மணித்தியாலத்தை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

முதலில் இடம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளலாம். கடல் மட்டத்திலிருந்து 2,100 முதல் 2,300 மீற்றர் வரை உயர்ந்த மேட்டு நிலம். பரப்பு சுமார் 3,160 ஹெக்டேயர். 1969ல் சரணாலயமாகவும் 1988ல் தேசிய பூங்காவாகவும் ஆனது. 2010ல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த இலங்கையின் மத்திய மலைநாட்டில் இதுவும் ஒரு பகுதி. நிருவாகம் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கையில். சிங்களத்தில் பழைய பெயர் மகா எலிய. 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த வில்மட் ஹோர்ட்டனின் பெயர் பிறகு ஒட்டிக்கொண்டது. சுற்றியுள்ள மலைகள் எல்லாம் கோப்பியும் தேயிலையுமாக மாறியபோது இது மட்டும் தப்பியதற்குக் காரணம் உண்டு. ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்டாமல் விடும்படி தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873ல் கொடுத்த ஆலோசனைதான் அது. மகாவலி, களனி, வளவை என்ற மூன்று ஆறுகளுக்கும் நீர் இங்கிருந்தும் போகிறது. அதை யோசித்தால் அந்த ஆலோசனையின் கனம் புரியும்.

காட்டுக்கு நடுவே புல்வெளி, புல்வெளிக்கு நடுவே திட்டுத் திட்டாகக் காடு. நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் சோலைக்காடுகளைப் பார்த்தவர்களுக்கு இது கண்ணுக்குப் பழகிய நிலமாகவே இருக்கும். அங்கே காட்டுப்பூவரசு என்று சொல்கிற சிவப்புப் பூ மரத்தின் இலங்கை வகை இங்கும் நிற்கிறது. இந்தப் புல்வெளியைத்தான் சிங்களத்தில் பத்தன என்கிறார்கள். அக்கரப்பத்தனை என்ற ஊர்ப்பெயரின் வால் அங்கிருந்து வந்ததுதான்.

இனி, காட்சி ஏன் ஒன்பது மணிக்குப் பிறகு மறைகிறது என்பது. சமவெளியின் தெற்கு விளிம்பு செங்குத்தாக வெட்டிவிட்டதுபோல் முடிகிறது. கீழே பெலிஹுல்ஓயா ஊரும் அதற்கப்பால் உடவளவைத் தாழ்நிலமும். வெயில் ஏற ஏறக் கீழே உள்ள ஈரக்காற்று சூடாகி மலைச்சுவரைப் பிடித்து மேலே வருகிறது. விளிம்பை எட்டும்போது குளிர்ந்து முகிலாகிவிடுகிறது. அதனால் முகில் மேலேயிருந்து இறங்குவதில்லை, கீழேயிருந்து ஏறுகிறது. வானம் நீலமாக இருக்க, காலடியில் மட்டும் வெள்ளைச் சுவர் நிற்பது அதனால்தான். நல்ல நாளில் ஒன்பதரை வரை தாக்குப்பிடிக்கும், சில நாட்களில் எட்டரைக்கே மூடிவிடும்.

பருவக்காற்றுக்கும் இதில் பங்குண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை வடகிழக்குக் காற்று மறுபக்கத்திலிருந்து வருவதால் இந்தத் தெற்கு விளிம்பு மறைவில் இருக்கும். ஆகத் தெளிவான காலைகள் அந்த மூன்று மாதங்களில்தான் கிடைக்கும். மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று நேராக மலைச்சுவரில் மோதுகிறது. விடியும்போதே முகில் நிற்கலாம். காற்றின் வேகத்தில் தொப்பி பறக்கும். ஒக்டோபர், நவம்பர் மழை மாதங்கள். ஏப்ரலில் வானம் பரவாயில்லை, ஆனால் நுவரெலியா வசந்தகாலக் கூட்டம் முழுவதும் இங்கேயும் ஒருநாள் ஏறிவிடும். கிழமை நாளில், போயா (பௌர்ணமி விடுமுறை) அல்லாத நாளில், பெப்ரவரியில் வருவதுதான் சிறந்தது. மூன்றும் சேரவில்லை என்றால் மாதத்தை விட்டுக்கொடுக்கலாம், கிழமை நாளை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

வந்துசேரும் வழி

நுவரெலியாவிலிருந்து அம்பேவல, பட்டிப்பொல வழியாக முப்பது கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். வளைவும் ஏற்றமும் குறுகலான பாதையுமாக இருப்பதால் வான் வண்டியில் ஒரு மணித்தியாலம் முதல் ஒன்றேகால் வரை எடுக்கும். வாயில் ஆறு மணிக்குத் திறக்கும். ஆகவே நாலே முக்காலுக்குப் புறப்பட வேண்டும். "ஐந்தரைக்குப் போனால் போதும் சேர்" என்று சொல்லும் சாரதி உங்களை ஏழரைக்குத்தான் நடைபாதையில் இறக்குவார். வாடகை பேசும்போதே புறப்படும் நேரத்தையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். காத்திருப்பு ஐந்து மணித்தியாலம் என்று கணக்கு வையுங்கள். நடைக்கு மூன்றரை, மிச்சம் வரிசைக்கும் வழியில் நிற்பதற்கும்.

மறுபக்க வழி ஒஹிய. பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் தங்குபவர்களுக்கு இதுதான் கிட்ட. ஒஹிய புகையிரத நிலையத்திலிருந்து, நடை தொடங்கும் இடமான பார் இன் வரை 11 கிலோமீற்றர், முழுவதும் ஏற்றம். முச்சக்கர வண்டி கிடைக்கும். நடந்தால் மூன்று மணித்தியாலத்துக்குக் குறையாது, காலைக் காட்சியை மறந்துவிட வேண்டியதுதான். பட்டிப்பொல 1,891 மீற்றரில் நாட்டின் மிக உயரமான புகையிரத நிலையம். அதையும் ஒஹியவையும் இணைக்கும் பாதை அழகானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பகல் ரயிலில் வந்து இறங்கினால் நடை மதியத்துக்குத் தள்ளிப்போகும். ரயிலில்தான் வருவது என்றால் முதல்நாளே வந்து தங்குங்கள். இல்லாவிட்டால், ஓடும் காலங்களில், இரவு அஞ்சல் ரயிலில் விடியுமுன் இறங்குங்கள். மலைநாட்டுப் பாதை மண்சரிவால் தடைப்படுவது புதிதல்ல. மழைக்காலத்தில் ரயிலை நம்பித் திட்டம் போடும் முன் நிலையத்தில் கேட்டுவிடுவது நல்லது.

கண்டியிலிருந்து விடியப்புறம் இரண்டு மணிக்கு வான் வண்டியில் ஏறி ஒரே நாளில் போய்வரும் சுற்றுலாக்கள் விற்கப்படுகின்றன. முடியும், ஆனால் நித்திரையில்லாத உடம்போடு 2,100 மீற்றரில் ஒன்பதரைக் கிலோமீற்றர் நடப்பது பலருக்குத் தலையிடியில் முடிகிறது. பிள்ளைகளோடு என்றால் வேண்டவே வேண்டாம்.

கட்டணம்

உள்நாட்டவருக்குக் கட்டணம் ஒரு சாப்பாட்டுப் பார்சலின் விலையைப் போல, மனதில் பதியாத தொகை. அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். வெளிநாட்டவருக்கு டொலரில் கணக்கு, அதன் அமைப்பைப் புரிந்துகொள்ளாவிட்டால் கவுண்டரில் திடுக்கிடுவீர்கள். ஆளுக்கான கட்டணம் ஒன்று. குழுவுக்கு ஒரு சேவைக் கட்டணம். வாகனத்துக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் மேல் வரி. சேவைக் கட்டணமும் வாகனக் கட்டணமும் ஆட்களின் எண்ணிக்கையால் பிரிபடுவதால், தனியாக வருபவருக்குத் தலைக்கணக்கு மிக அதிகமாகவும் ஐந்தாறு பேராக வருபவர்களுக்குக் குறைவாகவும் முடியும். கனடா, இலண்டன் கடவுச்சீட்டோடு வரும் நம்மவர்கள் இரட்டைக் குடியுரிமை வைத்திருந்தால் அதற்கான அத்தாட்சியைக் கொண்டுவர வேண்டும். தமிழில் பேசுவது அத்தாட்சி ஆகாது. தொகைகள் அடிக்கடி மாறுவதால் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். முன்பதிவு வசதி திறந்திருக்கும் நாட்களில் அதைப் பயன்படுத்தினால் வரிசையில் இருபது நிமிடமாவது மிஞ்சும். சனி, ஞாயிறுகளில் அந்த இருபது நிமிடந்தான் காட்சிக்கும் புகாருக்கும் உள்ள வித்தியாசம்.

பொலித்தீன் பரிசோதனை

நுழைவுச்சீட்டு வாங்கும் வாயில் வேறு, நடை தொடங்கும் இடம் வேறு. நடை தொடங்குவது பார் இன் என்ற பழைய வேட்டை விடுதியருகே. அது இப்போது பார்வையாளர் நிலையமாக இருக்கிறது. கழிப்பறையும் சிற்றுண்டிச்சாலையும் இங்கேதான். இதைத் தாண்டினால் வழியில் எங்கும் கழிப்பறை இல்லை. முதியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

நடைபாதை வாசலில் பைகளைத் திறந்து பார்ப்பார்கள். இந்தப் பூங்காவின் மிகச் சிறந்த சேவை எது என்று கேட்டால் இந்தப் பரிசோதனையைத்தான் சொல்ல வேண்டும். பிஸ்கற் உறை, ரொபி உறை, லஞ்ச் ஷீற், ஷொப்பிங் பை எல்லாம் வெளியே. பிஸ்கற்றைப் பிரித்துக் கடதாசிப் பையில் போட்டுத் தருவார்கள். தண்ணீர்ப் போத்தலின் லேபிளையும் மூடியைச் சுற்றிய பிளாஸ்ரிக் வளையத்தையும் உரித்த பின்தான் விடுவார்கள். இதைக் கெடுபிடி என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. நாளொன்றுக்கு ஒரே பாதையில் நூற்றுக்கணக்கானோர் நடக்கும் ஒரு காட்டில் பாதையோரம் இவ்வளவு சுத்தமாக இருப்பதைப் பார்த்தபின் முணுமுணுப்பு அடங்கிவிடும்.

நேரம் மிச்சம் பிடிக்க, இந்த வேலையை முதல்நாள் இரவே முடித்துவிடுங்கள். உலோகப் போத்தலில் தண்ணீர், ஆளுக்கு ஒன்று முதல் ஒன்றரை லீற்றர். ஓடை நீர் தெளிவாகத் தெரிந்தாலும் மரைகள் (கடமான்கள்) இறங்கும் நீர் அது, குடிக்க வேண்டாம். சாப்பாடு வாழையிலையில் அல்லது மூடியுள்ள பெட்டியில். பணிஸ், வாழைப்பழம், அவித்த கடலை, கடதாசியில் சுற்றிய ரொட்டி எல்லாம் தடையில்லாமல் போகும். வாழைப்பழத் தோலையும் திருப்பிக் கொண்டுவாருங்கள். இந்தக் குளிரில் அது உக்குவதற்கு நாளெடுக்கும், அதற்குள் காகமும் மரையும் மனிதச் சாப்பாட்டுக்குப் பழகிவிடும்.

நடை

வட்டப்பாதையின் மொத்த நீளம் சுமார் ஒன்பதரைக் கிலோமீற்றர். பார் இன்னிலிருந்து உலக முடிவு வரை நான்கு, அங்கிருந்து பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு இரண்டு, நீர்வீழ்ச்சியிலிருந்து திரும்பிவர மூன்றரை. ஓடையைக் கடந்து சற்றுத் தூரம் போனதும் பாதை இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் திரும்புங்கள். அது சிறிய உலக முடிவு வழியாகப் பெரிய உலக முடிவுக்குப் போகும். வலப்பக்கம் போனால் நீர்வீழ்ச்சி முதலில் வரும், உலக முடிவை எட்டும்போது ஒரு மணித்தியாலம் பிந்திவிடும். நீர்வீழ்ச்சி பதினொரு மணிக்கும் அங்கேதான் விழுந்துகொண்டிருக்கும், அவசரமில்லை. வழிகாட்டி இல்லாமல் வரும் குழுக்கள் செய்யும் மிகப் பெரிய பிழை இந்தப் பிரிவில்தான் நடக்கிறது.

பாதை கடினமானதல்ல, ஆனால் சீரானதும் அல்ல. முதல் கிலோமீற்றர் புல்வெளி ஊடாகச் சரளைப் பாதை. பிறகு காட்டுக்குள் நுழைந்ததும் வேர்களும் உருண்டைக் கற்களும். மழைநீர் பாதையையே வாய்க்காலாகப் பாவிப்பதால் சில இடங்களில் முழங்காலளவு பள்ளமாக அரித்திருக்கும். அந்தக் களிமண் காய்ந்திருந்தால் பிரச்சினையில்லை, நனைந்தால் சவர்க்காரம். பள்ளத்தைத் தவிர்க்கப் பக்கத்துப் புல்லில் ஏறி நடக்கத் தோன்றும். செய்யாதீர்கள். அப்படி நடப்பதால்தான் ஒரு பாதை மூன்றாகி, மூன்றும் அரித்துப் பள்ளமாகிறது. பாட்டா செருப்போடு வருபவர்களைத் தினமும் காணலாம், திரும்பும்போது அவர்களில் சிலர் அதைக் கையில் பிடித்தபடி வருவதையும் காணலாம். அடிப்பகுதி ஆழமாக வெட்டிய சப்பாத்து போதும், விலையுயர்ந்த மலையேற்றச் சப்பாத்து தேவையில்லை.

சிறிய உலக முடிவு சுமார் 270 மீற்றர் சரிவு. கீழே தேயிலைத் தோட்டமும் எதிரே மலைத்தொடரும். பலர் இதையே பெரியது என்று நினைத்து அரை மணித்தியாலம் இங்கே செலவழித்துவிடுகிறார்கள். ஐந்து நிமிடம் நின்று நடையைக் கட்டுங்கள்.

பெரிய உலக முடிவின் ஆழம் 870 மீற்றர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஒரு கல்லைப் போட்டால் அவ்வளவு தூரமும் தொடாமல் விழும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, பாறைச்சுவருக்குக் கீழே காட்டுச் சரிவும் சேர்ந்த கணக்கு அது. கல்லைப் போட்டுப் பார்க்கவும் கூடாது. கீழே நொன்பரெயில் தோட்டத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். தெளிவான காலையில் தோட்டத்துக் கூரைகள் தீப்பெட்டிகளாகத் தெரியும். அதற்கப்பால் நீர்த்தேக்கங்கள் கண்ணாடித் துண்டுகள்போல மின்னும். அபூர்வமாகச் சில நாட்களில் தென்திசைக் கடலின் கோடுவரை பார்வை போகும்.

விளிம்பின் பெரும்பகுதியில் வேலி இல்லை. விழுந்தவர்கள் உண்டு. 2015ல் நெதர்லாந்திலிருந்து தேனிலவுக்கு வந்த ஒருவர் மனைவியைப் படமெடுக்கப் பின்னால் அடியெடுத்து வைத்துத் தவறினார். கீழே நின்ற ஒரு மரம் தாங்கியதால் உயிர் தப்பினார். இராணுவத்தினர் கயிறு கட்டி இறங்கித் தூக்கி வந்தார்கள். எல்லோருக்கும் அந்த மரம் வாய்க்காது. படம் எடுப்பவர் விளிம்புக்கு முதுகு காட்டி நிற்கக் கூடாது, நகர வேண்டுமானால் கமராவை இறக்கிவிட்டு நகர வேண்டும். பாறை காலையில் பனியில் நனைந்திருக்கும். பிள்ளைகளின் கையை இங்கே விடாதீர்கள், சிறிய உலக முடிவிலும் அப்படியே.

வந்து சேர்ந்தபோது முகில் மூடியிருந்தால் உடனே திரும்பிவிட வேண்டாம். காற்று இருக்கும் நாளில் இருபது முப்பது நிமிடத்துக்குள் ஒருமுறையாவது திரை விலகும். பத்துச் செக்கன், அரை நிமிடம். காற்றே இல்லாமல் வெள்ளை அசையாமல் நின்றால் அன்றைக்கு அவ்வளவுதான்.

உலக முடிவிலிருந்து நீர்வீழ்ச்சிக்குப் போகும் பகுதியைப் பலர் விறுவிறுவென்று கடந்துவிடுகிறார்கள். உண்மையில் சமவெளியைச் சமவெளியாகப் பார்ப்பது இங்கேதான். இருபுறமும் முழங்காலுயரப் புல், தாழ்வான ஈர நிலங்களில் குட்டை மூங்கில், காட்டோரத்தில் உச்சி காய்ந்து வெளிறி நிற்கும் மரங்கள். இந்த மரங்கள் பட்டுப்போவது 1970களின் கடைசியிலிருந்தே கவனிக்கப்பட்டு வருகிறது. ஒரே காரணம் என்று இன்னும் முடிவாகவில்லை. மஞ்சள் பூவோடு அழகாகத் தெரியும் முட்செடி ஒன்றையும் காண்பீர்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த கோர்ஸ் அது, புல்வெளியைப் பிடித்துக்கொண்டு போகிறது. படமெடுத்து மகிழ்பவர்களுக்கு அது களை என்று சொல்ல ஒரு பலகை இருந்தால் நல்லது. 1960களில் உருளைக்கிழங்கு பயிரிட்ட நிலங்கள் இன்னும் பழைய புல்வெளியாக மாறவில்லை, புல்லின் நிறத்திலேயே வித்தியாசம் தெரியும்.

பேக்கர் நீர்வீழ்ச்சி சுமார் இருபது மீற்றர். நுவரெலியாவில் ஆங்கிலேயப் பாணிப் பண்ணை அமைக்க முயன்ற சாமுவேல் பேக்கரின் பெயர். பார்வை மேடைக்கு இறங்கும் பாதை செங்குத்து, எப்போதும் ஈரம். முழங்கால் நோவு உள்ளவர்கள் மேலேயிருந்து சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போவதே புத்தி. குளிக்கத் தடை. மழைக்காலத்தில் பெரியது, மார்ச்சில் மெலிந்துவிடும். உலக முடிவு தெளிவாக இருக்கும் மாதத்தில் நீர்வீழ்ச்சி மெலிவு, நீர்வீழ்ச்சி பெருகும் மாதத்தில் உலக முடிவு மூடல். இரண்டும் ஒரே நாளில் உச்சத்தில் கிடைக்காது என்பதை ஏற்றுக்கொண்டு போங்கள்.

கடைசி மூன்றரைக் கிலோமீற்றரில் நிழல் குறைவு. காலையில் நடுங்கிய அதே ஆட்களுக்கு இங்கே கழுத்து எரியும். இந்த உயரத்தில் வெயிலின் சூடு தெரியாது, தோல் மட்டும் கருகும். ஆறு மணிக்குத் தொப்பியும் சன்கிறீமும் அபத்தமாகத் தோன்றினாலும் பையில் இருக்கட்டும்.

உடை

விடியற்காலையில் எட்டு, பத்துப் பாகை இருக்கும். ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி படிவதும் உண்டு. ஒரே தடித்த குளிர்ச்சட்டையைவிட மெல்லிய மூன்று அடுக்கு நல்லது. சட்டை, கம்பளி, அதன்மேல் காற்றைத் தடுக்கும் மழைச்சட்டை. எட்டரைக்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றலாம். டெனிம் காற்சட்டை நனைந்தால் பாரம், காயவும் காயாது. மேலதிகமாக ஒரு சோடிக் காலுறை வான் வண்டியில் இருந்தால் திரும்பும் பயணம் சுகமாக இருக்கும். மூச்சு சற்று வாங்குவது இந்த உயரத்துக்கு இயல்பு. ஆஸ்துமா உள்ளவர்கள் குளிர்காற்றுக்கும் சேர்த்து மருந்தை எடுத்து வரவேண்டும், கைப்பேசி அலை விட்டுவிட்டுத்தான் கிடைக்கும்.

விலங்குகள்

யாலைத் தேசிய பூங்காவில் பார்ப்பதுபோல் இங்கே பார்க்க முடியும் என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். யானை இந்தச் சமவெளியை விட்டு எப்போதோ போய்விட்டது, ஆங்கிலேயர் காலத்து வேட்டைக்குப் பெரும் பங்குண்டு. உறுதியாகக் காணக்கூடியது மரை. பார் இன் பக்கம் வாகனங்களுக்கு நடுவிலேயே வந்து நிற்கும். பாணும் பிஸ்கற்றும் நீட்டுபவர்களால் வந்த பழக்கம் அது. தடை இருந்தும் நிற்கவில்லை, இதில் கண்காணிப்பு இன்னும் இறுக வேண்டும். கொம்புள்ள ஆண் மரை சாதுபோல நின்றாலும் தலையை ஆட்டினால் வயிறு கிழியும்.

சிறுத்தை உண்டு. நடைபாதையில் காண்பது அரிது, வாயிலிலிருந்து பார் இன் வரும் வீதியில் முதல் வாகனங்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு கூடுதல். நாலே முக்காலுக்குப் புறப்பட இன்னொரு காரணம் இது. காட்டுப் பகுதியில் மரஉச்சிகளைப் பாருங்கள், தடித்த உரோமமுள்ள மலைநாட்டு ஊதாமுகக் குரங்கு தெரியும். சத்தம் போடாமல் நின்றால் மரத்தண்டில் மூக்கில் கொம்புள்ள ஓணானையும் காணலாம், உலகில் இலங்கையின் மலைநாட்டைத் தவிர வேறெங்கும் அது இல்லை. பறவை பார்ப்பவர்களுக்கு இந்த வட்டப்பாதையைவிட, பார் இன்னிலிருந்து வாயில் பக்கம் உள்ள ஓடைகளும் குளங்களும் விடியற்காலையில் பலன் தரும். இலங்கைக்கே உரிய சீழ்க்கைப் பூங்குருவியை அங்கேதான் தேடுவார்கள். இங்குள்ள தேவாங்கின் மலைநாட்டு வகை ஒன்றின் முதல் படங்கள் 2010ல் வெளியாகின, இரவுப் பிராணி என்பதால் பகல் பார்வையாளருக்கு அது கதை மட்டுந்தான்.

கூட்டத்தை விட்டு விலக

இந்தப் பூங்காவின் பெரிய குறை, வருபவர்கள் எல்லோரும் ஒரே வட்டத்தில் ஊற்றப்படுவது. விடுமுறை நாளில் சிறிய உலக முடிவில் படமெடுக்க வரிசை நிற்கும். கையடக்க ஒலிபெருக்கியோடு வரும் குழுக்களும் உண்டு. மாற்று வழிகள் இருக்கின்றன, ஆனால் அவற்றைப் பற்றிக் கவுண்டரில் யாரும் தாமாகச் சொல்வதில்லை.

எளிதானது தொட்டுபொலகந்த. 2,357 மீற்றர், நாட்டின் மூன்றாவது உயரம், இராவணனின் புஷ்பக விமானம் இறங்கிய இடம் என்று ஊர்க்கதை. பட்டிப்பொல வீதியோரத்திலிருந்தே ஏறும் பாதை, போய்வர இரண்டு மணித்தியாலம் போதும். உச்சியிலிருந்து சமவெளி முழுவதும் விரிந்து தெரியும். உலக முடிவைப் பார்த்துவிட்டுப் பதினொரு மணியளவில் இதற்கு வந்தால், கூட்டம் வாகனம் ஏறும் நேரத்தில் நீங்கள் தனியாக இருப்பீர்கள். இந்தப் பக்கம் முகில் தெற்கு விளிம்பைவிடத் தாமதமாகவே வரும்.

கிரிகல்பொத்த வேறு தரம். 2,388 மீற்றர், இரண்டாவது உயரம். பார் இன்னிலிருந்து ஒருவழி ஏழு கிலோமீற்றர், முழு நாள் வேலை. கடைசிப் பகுதியில் குட்டை மூங்கில் பாதையை மூடிவிடுவதாலும், புகார் இறங்கினால் திசை தெரியாததாலும் வழி தவறுவது சுலபம். ஏழு மணிக்கு முன் புறப்படாவிட்டால் தொடங்கவே வேண்டாம், பார் இன்னில் உத்தியோகத்தர்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள், வழி தெரிந்தவரையும் கூட்டிச் செல்லுங்கள். மதியம் ஒரு மணிக்கு உச்சியை எட்டவில்லை என்றால் நின்ற இடத்திலிருந்தே திரும்புவது என்று முன்கூட்டியே முடிவெடுத்துக்கொள்ளுங்கள்.

வயதானவர்களையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு வட்டத்தை முடிக்க நினைப்பது வீண். ஆறு ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் நடப்பார்கள், அதற்குக் கீழ் என்றால் தூக்கும் ஆளின் முதுகைப் பொறுத்தது. அப்படிப்பட்டவர்கள் பார் இன்னிலிருந்து முதல் ஓடை வரை போய், பெலிஹுல் ஓயா ஆறு புல்வெளிக்கு நடுவே வளைந்து போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். மேடு பள்ளம் குறைவு, சமவெளியின் சாயல் முழுவதும் அந்த ஒரு கிலோமீற்றருக்குள் இருக்கிறது. சக்கர நாற்காலிக்கு மட்டும் எதுவும் ஏற்பாடு இல்லை.

பூங்காவுக்குள்ளேயே தங்க விரும்பினால் திணைக்களத்தின் கினிஹிரிய, மகா எலிய விடுதிகளும் கூடாரமடிக்கும் இடங்களும் உண்டு, முற்பதிவு கட்டாயம். வசதியை எதிர்பார்க்காதீர்கள். போர்வை, சாப்பாட்டுச் சாமான், கைவிளக்கு எல்லாம் உங்கள் பொறுப்பு, இரவில் குளிர் எலும்புவரை போகும். ஆனால் வெளியிலிருந்து வரும் வாகனங்கள் வாயிலில் வரிசை நிற்கும் நேரத்தில் நீங்கள் பாதி வழி நடந்திருப்பீர்கள். விடுமுறைக் காலத்தில் வருவதைத் தவிர வேறு வழியில்லாதவர்களுக்கு இதுதான் உண்மையான தீர்வு, பல வாரம் முன்பே முயல வேண்டும்.

திரும்பும்போது மதியத்துக்குப் பிறகு வீதியிலும் புகார் இறங்கிவிடும். சாரதி முன்விளக்கைப் போட்டு மெதுவாக ஓட்டட்டும். அந்த நேரத்தில் மரைகள் வீதியைக் கடக்கும், ஒன்று போனதும் வேகம் பிடிக்காமல் பின்னால் வரும் குட்டிக்காக நிற்க வேண்டும்.